50 ரூபாய் காபி பாட், 2 ரூபாய் பாக்கெட்: காபிக்கொட்டை விலை ஏறினால் யாருக்கு அடி?

திருவள்ளூர் ரயில் நிலையத்தை ஒட்டிய மணவாள நகரில் 'ஒரு கப் காபிக்கு ஒரு பாக்கெட்' என்றால் அது பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் 2 ரூபாய் இன்ஸ்டன்ட் காபிதான். அதே யோசனையின் பணக்கார அண்ணன் காபி பாட். 2025ல் டெல்லி சாகேத்தில் நெஸ்பிரஸ்ஸோ தனது முதல் இந்தியக் கடையைத் திறந்த பிறகு, இந்தப் பெயர் இங்கேயும் அடிபடத் தொடங்கியிருக்கிறது.

பாட் என்றால் என்ன?

சுமார் 5 கிராம் காபித்தூளை அடைத்து மூடிய குட்டி அலுமினியக் கிண்ணம். மெஷினில் போட்டு பட்டனை அழுத்தினால், சூடான தண்ணீர் அழுத்தத்தோடு உள்ளே பாய்ந்து கொஞ்சூண்டு கறுப்புக் காபி இறங்கும். பால் தனியாகக் காய்ச்ச வேண்டும். நம்ம ஊர் டம்ளர் காபிக்கு அது பாதி வேலைதான் செய்கிறது.

கணக்கு எங்கே இடிக்கிறது?

ஒரு பாட் 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 5 கிராமுக்கு 50 ரூபாய் என்றால் கிலோ 10,000 ரூபாய்! நியூயார்க் சந்தையில் அராபிகா கொட்டை 2025 பிப்ரவரியில் பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. 1977ல் பதிவான பழைய உச்சம் அதற்குச் சில வாரங்கள் முன்பே உடைந்துவிட்டது. 4 டாலர் என்றே எடுத்துக்கொண்டாலும், ஒரு பாட்டுக்குத் தேவையான பச்சைக்கொட்டை சுமார் நாலரை ரூபாய்தான். மீதி எல்லாம் அலுமினியம், ஆலை, கப்பல், வரி, விளம்பரம், லாபம். அதனால் கொட்டை விலை இரட்டிப்பானாலும் பாட் கம்பெனி தாக்குப்பிடிக்கும்.

2 ரூபாய் பாக்கெட்டுக்கு அந்த வசதி இல்லை. விலையை 2 ரூபாய் 30 காசு ஆக்க முடியாது, சில்லறைக்கு எங்கே போவது? எனவே விலை அப்படியே நிற்கும், உள்ளே இருக்கும் கிராம் குறையும். இன்னொரு வழி சிக்கரி. கலவையில் குறைந்தது 51 சதவீதம் காபி இருந்தால் போதும் என்கிறது உணவுப் பாதுகாப்பு விதி. குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளையும் சிக்கரி, காபியைவிட மலிவு. கலவை விகிதத்தை லேபிளில் போட வேண்டும், ஆனால் பெட்டிக்கடையில் நின்று அதைப் படிப்பவர் யார்?

கொட்டைக்கு ஏன் தட்டுப்பாடு?

உலக காபியில் பாதிக்கும் மேல் பிரேசில், வியட்நாம் என்ற இரண்டே நாடுகளில் விளைகிறது. 2024ல் இரண்டு நாடுகளையுமே வறட்சி பிடித்தது. போதாக்குறைக்கு 2025 ஆகஸ்டில் பிரேசில் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. காபி உள்ளிட்ட சில பொருட்களுக்கு நவம்பரில் கூடுதல் வரியைத் திரும்பப் பெற்றது.

'நம்மிடம்தான் குடகும் ஏற்காடும் இருக்கே' என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் இந்தியக் காபியில் பெரும்பகுதி இத்தாலி, ஜெர்மனி, ரஷ்யா போன்ற நாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. உள்ளூர் விலையும் லண்டன், நியூயார்க் சந்தையைப் பார்த்தே நகர்கிறது. விவசாயிக்கு அது நல்ல காலம், டீக்கடைக்காரருக்குத்தான் தலைவலி.

அப்போ பாட் வாங்குபவருக்கு ஆபத்தே இல்லையா?

இருக்கிறது, ஆனால் அது வேறு இடத்தில். ஒரு மெஷினுக்கு அதற்கேற்ற பாட்தான் பொருந்தும். நெஸ்பிரஸ்ஸோவின் முக்கியக் காப்புரிமைகள் 2012 வாக்கில் காலாவதியானதால், அதன் பழைய வகை மெஷினுக்கு இந்தியக் கம்பெனிகளும் பாட் விற்கின்றன. புதிய வெர்ச்சுவோ வகை அப்படியல்ல. பாட்டின் விளிம்பில் இருக்கும் பார்கோடை மெஷின் படிக்கிறது. வெளிநாட்டுச் சரக்கு வராமல் போனால் மெஷின் அலமாரி பொம்மைதான். இறக்குமதியாகும் வறுத்த காபிக்கு வழக்கமான சுங்க வரியே 100 சதவீதம். வர்த்தக ஒப்பந்தம் உள்ள நாடுகளுக்கு மட்டும் சலுகை கிடைக்கலாம். மெஷின் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, 'இதுக்கு வேற கம்பெனி பாட் கிடைக்குமா?' என்பதுதான்.

குப்பை விஷயத்தில் இரண்டுமே மோசம். அலுமினியம் என்றாலும், ஈரத்தூள் அடைத்த பாட்டை காயலான் கடைக்காரர் வாங்குவது கஷ்டம். பல அடுக்கு பிளாஸ்டிக் பாக்கெட்டை அவர் சீண்டவே மாட்டார். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் 2016லேயே அரசு அலுவலகங்களுக்கு பாட் வாங்கத் தடை போட்டது.

2025 செப்டம்பர் 22 முதல் இன்ஸ்டன்ட் காபிக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 2 ரூபாய் பாக்கெட்டில் விலையைக் குறைக்க வழியில்லை, அந்தச் சலுகை கூடுதல் கிராமாகத்தான் வர வேண்டும். வந்திருக்கிறதா? பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் எடை போட்டிருக்கும், பழைய பாக்கெட் ஒன்று வீட்டில் கிடந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள்.