புகையிலை வாசனைச் சாறு: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்

வேடசந்தூர், வேதாரண்யம் பக்கம் புகையிலை போடும் உங்களில் சிலருக்கு இந்தப் பேச்சு வந்திருக்கலாம். "இலையை வியாபாரிக்குத் தள்ளாதீர்கள். அதில் இருந்து வாசனைச் சாறு எடுத்தால் கிலோ பல ஆயிரம் ரூபாய் போகும்" என்கிறார்கள். பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த உண்மை உங்கள் வயலுக்குப் பொருந்துமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில், இந்தப் பேச்சு ஏன் இப்போது வருகிறது? 2025 செப்டம்பர் 3-ல் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் புகையிலைப் பொருட்களை 40 சதவீத வரிக்குள் கொண்டுவர முடிவு செய்தது. பீடிக்கு மட்டும் 18 சதவீதம். 2026 பிப்ரவரி 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. கலால் வரியும் கூடவே ஏறியது. ஆலைக்காரர் கட்டும் வரி என்றாலும், கடைசியில் இலை விலையில்தான் கை வைப்பார்கள். ஆந்திரா, கர்நாடகாவின் வர்ஜீனியா புகையிலைக்குப் புகையிலை வாரிய ஏலம் இருக்கிறது. நம் வாய்ப்புகையிலைக்கு அந்த ஏலமும் கிடையாது. அதனால் மாற்று வழி என்று யார் சொன்னாலும் காது கொடுக்கிறோம்.

வெளிநாட்டிலும் ஒரு காரணம் உண்டு. அமெரிக்கா 2009-லேயே சிகரெட்டில் பழம், இனிப்பு வாசனைகளைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2020 மே மாதம் மெந்தால் சிகரெட்டை நிறுத்தியது. நெதர்லாந்தில் 2024 முதல் மின் சிகரெட் திரவத்தில் புகையிலைச் சுவை தவிர வேறு எதுவும் கூடாது. மற்ற வாசனைகள் போய்விட்டால், புகையிலையின் சொந்த வாசனைக்கு மதிப்பு கூடும். உயர்ரக வாசனைத் திரவியங்களிலும் புகையிலைச் சாறு நெடுநாளாகச் சேர்கிறது.

சரி, அந்த வாசனை எங்கிருந்து வருகிறது? பச்சை இலையை முகர்ந்தால் புகையிலை மணம் வராது. பாடம் செய்யும்போதுதான் மணம் பிறக்கிறது. இலை பழுக்கும்போது பச்சையம் குறைந்து மஞ்சள் நிறம் தெரியும். அந்த மஞ்சள் நிறமிகள் சிதைந்துதான் டமாசினோன், அயோனோன், மெகாஸ்டிக்மாட்ரையினோன் என்ற மணப்பொருட்கள் உண்டாகின்றன. இன்னொரு பங்கு இலையின் மேல் உள்ள நுண்ணிய ரோமங்களில் சுரக்கும் பிசின். இலை ஒடிக்கும்போது கையில் கறுப்பாக ஒட்டுமே, அதுதான். அது சிதைந்து சோலனோன் என்ற மணப்பொருளாகிறது. பலத்த மழை பெய்தால் பிசின் கழுவிப் போகும், மணமும் குறையும்.

இங்கேதான் நமக்குச் சிக்கல். மணத்துக்குப் பேர்போன துருக்கி, கிரீஸ், பல்கேரியா புகையிலை சிறிய இலை. உரம் குறைவு, தண்ணீர் குறைவு, வெயில் அதிகம். நாம் செய்வது நேர் எதிர். தொழுஉரமும் தழைச்சத்தும் தாராளமாகக் கொடுத்து, தலை கிள்ளி, பக்கக் கொழுந்தை எடுத்து, தடித்த கறுப்பு இலையாக வளர்க்கிறோம். அதில் ஏறுவது காரம், அதாவது நிக்கோட்டின். என் கணிப்பில் நம் இலை வாசனைச் சாற்றுக்கு முதல் தரம் அல்ல.

சாறு எடுக்கும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஹெக்சேன் போன்ற கரைப்பானில் இலையை ஊறவைத்து, அதை ஆவியாக்கி, மிஞ்சும் மெழுகுக் கலவையை ஆல்கஹாலில் கழுவி வடிப்பது ஒரு வழி. அழுத்தப்பட்ட கரியமில வாயுவால் எடுப்பது இன்னொரு வழி. 31 டிகிரிக்கு மேல் வெப்பமும் 73 மடங்குக்கு மேல் காற்றழுத்தமும் வேண்டும். இரண்டும் தோட்டத்துக் கொட்டகையில் செய்கிற வேலை அல்ல. ஹெக்சேன் பெட்ரோல் மாதிரி தீப்பிடிக்கும், பெருமளவில் சேமிக்க உரிமம் தேவை.

வெட்டிவேருக்கு வைக்கும் ஆவி வடிப்பானில் புகையிலையைப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். நீராவியோடு நிக்கோட்டினும் சேர்ந்து வரும். அது தோல் வழியாகவே உடம்பில் ஏறும் விஷம். ஈர இலை ஒடிக்கும் நாளில் தலைசுற்றல், வாந்தி வருவது இதே நிக்கோட்டினால்தான். செறிவான திரவத்தில் அது உயிரை எடுக்கும். அத்தனை ஆபத்துக்கும் 100 கிலோ உலர் இலையில் ஒரு கிலோ மண எண்ணெய்கூடத் தேறாது. டமாசினோன், அயோனோன் எல்லாம் ஆலையில் செயற்கையாகவே தயாராகின்றன என்பதையும் கணக்கில் சேருங்கள்.

எடுத்த சாற்றை உள்நாட்டில் விற்பதும் எளிதல்ல. உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி எந்த உணவிலும் புகையிலையோ நிக்கோட்டினோ சேர்க்கக் கூடாது. மின் சிகரெட்டுக்கு 2019 முதல் நாடு முழுவதும் தடை. மிச்சம் இருப்பது ஏற்றுமதியும் வாசனைத் திரவியமும்தான். அந்த வாங்குபவர்கள் பூச்சிமருந்து எச்சத்தையும் நைட்ரோசமைன் என்ற புற்றுநோய்ப் பொருளையும் சோதிப்பார்கள். தழைச்சத்து மிஞ்சிய இலையில் நைட்ரோசமைன் கூடும். சாறு செறிவாகும்போது எச்சமும் சேர்ந்தே செறிவாகும்.

நம் இலைக்கு ஆலைத் தேவை என்று ஒன்று இருந்தால், அது நிக்கோட்டினும் சோலனெசாலும்தான். புகைப்பழக்கத்தை விடுவதற்கான சூயிங்கம், ஒட்டும் பட்டைக்கு நிக்கோட்டின் போகிறது. சோலனெசாலில் இருந்து கோஎன்சைம் க்யூ10 செய்கிறார்கள். அதை நொதிக்கவைத்தும் தயாரிப்பதால் அங்கேயும் போட்டி கடுமை. கழிவு இலை, ஒடிந்த இலை, தூள் ஆகியவற்றை இவர்கள் வாங்கலாம். அதற்கு நல்ல இலை விலை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஒப்பந்தம் கொண்டுவருபவரிடம் எதை வாங்குகிறார் என்று முதலில் கேளுங்கள்: இலையா, நிக்கோட்டின் சதவீதமா, மணமா? சோதனை எந்தக் கூடத்தில், யார் செலவில்? சோதனையில் தள்ளப்பட்ட இலை யாருக்கு? முன்பணமாக இயந்திரம் வாங்கச் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். விலையும் அளவும் எழுத்தில் இல்லாமல் ஒரு சென்ட் நிலத்தைக்கூடக் கூடுதலாக நடாதீர்கள்.

பயிரை மாற்ற நினைப்பவர்களுக்கு உண்மையான தடை கிணற்றுத் தண்ணீர்தான். உப்புத் தண்ணீரில் புகையிலை தாங்குகிறது, காய்கறி தாங்காது. பருத்தியும் சோளமும் ஓரளவு தாங்கும். ஒரு புட்டியில் தண்ணீர் எடுத்துப்போய், மின் கடத்துதிறன் எவ்வளவு என்று மண் பரிசோதனை நிலையத்தில் பாருங்கள். அந்த எண்ணோடு திண்டுக்கல் பகுதியினர் காந்திகிராமம், நாகை பகுதியினர் சிக்கல் வேளாண் அறிவியல் மையத்துக்குப் போனால், உங்கள் கிணற்றுக்கு எது ஒத்துவரும் என்று பேச முடியும்.