பிள்ளைகளின் பேரில் எழுதும் கடன்

மார்கழி பிறந்துவிட்டால் நம் வீடுகளில் எந்தக் கடனுக்கும் ஒரே நியாயம்தான்: "பிள்ளையளுக்காகத்தானே." வருமானத்துக்கு மிஞ்சிய ஐபேட், பிராண்ட் சப்பாத்து, சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பரிசுப் பெட்டி என்று எல்லாம் கடனட்டையில் ஏறும். நத்தார் கொண்டாடும் வீடு, கொண்டாடாத வீடு என்ற வித்தியாசமும் இப்போது இல்லை. பிள்ளை பள்ளிக்கூடத்தில் மற்றவர்களுக்கு முன்னால் குறைந்துபோகக் கூடாது என்ற ஒரே பயம்தான் எல்லோருக்கும். கடன்பட்டாவது கொடுப்பதுதான் பாசம் என்ற இந்த நம்பிக்கை நம்மிடையே வேரோடிவிட்டது. இது பிழையான நம்பிக்கை. பிள்ளைகளுக்குக் கேடு செய்யும் நம்பிக்கை.

ஆசை எங்கிருந்து பிறக்கிறது என்று விளங்காமல் இல்லை. கனடாவின் ஒன்ராறியோவில், மார்க்கம் நகருக்குள் இருக்கும் யூனியன்வில்லின் மெயின் ஸ்ட்ரீட்டை டிசெம்பர் இரவில் பார்த்தவருக்கு அது தெரியும். பழைய காலத்து வீடுகள், கூரை ஓரமெல்லாம் விளக்குச் சரம், ஜோடித்த கடைக் கண்ணாடிகள். ஸ்காபரோ அடுக்குமாடிகளில் இருப்பவர்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு படமெடுக்க அங்கே போகிறார்கள். 2000ஆம் ஆண்டில் ஒளிபரப்பான 'கில்மோர் கேர்ள்ஸ்' என்ற அமெரிக்கத் தொடரின் முதல் பகுதிக்கு இந்தத் தெருவைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அவ்வளவு வடிவான தெரு. ஆனால் அங்கே பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பவற்றுக்குக் காசு கட்டத் தேவையில்லை. டிசெம்பர் தொடக்கத்தில் நடக்கும் மெழுகுவர்த்தி ஊர்வலத்துக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. டூகுட் குளத்தைச் சுற்றி நடக்கலாம். பக்கத்தில், மார்க்கம் நகரசபைக் கட்டடத்தின் முன்னால் பனிச்சறுக்குத் தளம் திறந்திருக்கும். வீட்டுக்குத் திரும்பியபிறகுதான், படத்தில் கண்டதையெல்லாம் வாங்கி நிரப்ப வேண்டும் என்று பெரியவர்களுக்குத் தோன்றுகிறது.

அந்த நிரப்பலின் விலை என்ன? இங்கே வழக்கமான கடனட்டை வட்டி ஆண்டுக்கு 19.99 வீதம் அல்லது அதற்கும் மேலே. மாதம் கட்டவேண்டிய 'மினிமம்' தொகையைப் பல அட்டைகளில் அந்த மாத வட்டியும் அதற்கு மேல் 10 டொலரும் என்று வைத்திருக்கிறார்கள். 2,000 டொலர் ஏற்றிவிட்டு மினிமத்தை மட்டும் கட்டிவந்தால் அசல் மாதாமாதம் 10 டொலராகத்தான் குறையும். கடன் தீர 200 மாதம் வேண்டும். அதாவது 16 ஆண்டும் 8 மாதமும். வட்டியாக மட்டும் 3,300 டொலருக்கு மேல் போயிருக்கும். ஆறு வயதில் பரிசைப் பிரித்த பிள்ளைக்குக் கடைசித் தவணை கட்டும்போது இருபத்திரண்டு தாண்டியிருக்கும். மினிமம் மட்டும் கட்டினால் கடன் தீர எத்தனை ஆண்டு செல்லும் என்று மாதாந்த அறிக்கையிலேயே வங்கி அச்சிட வேண்டும் என்பது விதி. தை மாத அறிக்கை வரும்போது அந்த வரியைத் தேடிப் பாருங்கள். அதே கடனை மாதம் 200 டொலராகக் கட்டினால் 11 மாதத்தளவில் முடிந்துவிடும். வட்டி 200 டொலர் சொச்சம்.

ஒன்ராறியோவில் ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஒக்ரோபர் முதல் மணிக்கு 17.60 டொலர். அந்த 3,300 டொலர் வட்டிக்காக மட்டும், வரி கழிக்க முன்னரே, 190 மணித்தியாலம் அளவில் உழைக்க வேண்டும். இந்த நேரம் சனி ஞாயிறு ஓவர்டைமிலிருந்து வருகிறது, இரவு வேலையிலிருந்து வருகிறது. அப்பா இல்லாத சாப்பாட்டு மேசையும், களைத்து வரும் அம்மாவின் எரிச்சலும் யாருக்குக் கிடைக்கின்றன? யாருக்காகக் கடன்பட்டோம் என்று சொன்னோமோ அவர்களுக்குத்தான்.

சேலில் வாங்கினோம், மிச்சம் பிடித்தோம் என்பார்கள். 2024 டிசெம்பர் 14 முதல் 2025 பெப்ரவரி 15 வரை விளையாட்டுச் சாமான், சிறுவர் உடுப்பு போன்றவற்றுக்கு அரசாங்கமே விற்பனை வரியை நீக்கியது. ஒன்ராறியோவில் 100 டொலர் சாமானுக்கு 13 டொலர் லாபம். அதைக் கடனட்டையில் வாங்கி அப்படியே வைத்திருந்தவருக்கு எட்டு மாதத்தில் அந்த லாபம் வட்டியோடு போய்விட்டது.

இன்னொரு வாதம் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். "நாங்கள் பட்ட கஷ்டத்தை எங்கட பிள்ளையள் படக்கூடாது." 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சவர்க்காரத்துக்கும் பற்றரிக்கும் அலைந்து வளர்ந்த ஒரு தலைமுறை சொல்லும் வார்த்தை அது. ஆனால் அந்த ஆண்டுகளிலும் முற்றத்தில் பொங்கிப் படைத்தார்கள். அந்தப் பொங்கலை நினைவில் வைத்திருப்பவர் எவரும் அன்று கிடைத்த சாமானின் விலையைச் சொல்லுவதில்லை. யார் பானையைச் சுற்றி நின்றார்கள் என்றுதான் சொல்லுகிறார்கள். நம் பிள்ளைகளை நாம் காக்க வேண்டியது போரின் பஞ்சத்திலிருந்து. அளவாகச் செலவழிக்கும் வீட்டிலிருந்து அல்ல. எட்டு வயதுப் பிள்ளையிடம் ஐப்பசியிலேயே, "இந்த முறை உனக்கு 40 டொலர், நீயே யோசித்துத் தெரிவு செய்" என்று சொன்னால் அது விளங்கிக்கொள்ளும். கடைசிக் கிழமையில் பதறி வாங்கிக் கொடுக்கும் பெட்டியைவிட அந்த வார்த்தை பிள்ளைக்குத் தரும் மரியாதை பெரியது.

வசதியில்லை என்று வாய் திறந்து சொல்ல முடியாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். 2025 மார்ச் மாதத்தில் மட்டும் கனடாவின் உணவு வங்கிகளில் ஏறக்குறைய 22 லட்சம் வருகைகள் பதிவாகின. அங்கே போகிறவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் வேலைக்குப் போகிறவர். நம் குடும்ப ஒன்றுகூடலுக்குப் பரிசோடு வரும் தம்பியோ மச்சாளோ அந்த வரிசையில் நின்றுவிட்டு வந்திருக்கலாம். "என்னால் ஏலாது" என்று அவர்களே முதலில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. ஆகவே வசதியுள்ள பெரியப்பாமாரே, மாமிமாரே, அக்காமாரே, நீங்கள் தொடங்குங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கிழமையே எழுதுங்கள்: பெரியவர்களுக்குள் பரிசு வேண்டாம், சின்னவர்களுக்கு ஆளுக்கு ஒன்று, 20 டொலருக்கு மேல் எவரும் வாங்கக் கூடாது, எல்லோரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள்.