அவர்களுக்குச் சொந்த ஊர் குவாதலூப்தான்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என்னைப் போன்றவர்களுக்குக் குவாதலூப் என்றதும் பள்ளிக்கூட வரைபடம்தான் நினைவுக்கு வரும். கரீபியக் கடலில் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தது போல இரண்டு நிலப்பகுதிகள். நடுவில் ரிவியேர் சலே என்ற குறுகிய உப்புநீர் ஓடை. மேற்குச் சிறகில் 1,467 மீட்டர் உயரமான சூஃப்ரியேர் எரிமலை. கிழக்குச் சிறகில் சமவெளியும் கரும்பும். வாத்தியார் பிரம்போடு நின்றதால் இன்றும் மறக்கவில்லை. ஆனால் அந்தக் கரும்பை வெட்டப் போனவர்களில் நம் ஊர்க்காரர்களும் இருந்தார்கள் என்று அவர் சொல்லவே இல்லை.

1848-இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. 1854 டிசம்பரில் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளைக் குவாதலூப்பில் இறக்கியது. அடுத்த 35 ஆண்டுகளுக்குள் புதுச்சேரி, காரைக்கால், சென்னை, கல்கத்தா துறைமுகங்களிலிருந்து சுமார் 42,000 பேர் போனார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். பலர் அங்கேயே மாண்டார்கள், திரும்பியவர்கள் குறைவு.

நான் வேலையில் இருந்தபோது, குவாதலூப்பிலிருந்து ஒரு அம்மாள் மூதாதையர் பெயரைத் தேடிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பிரெஞ்சு தெரிந்தவன் என்று என் மேசைக்கு அனுப்பினார்கள். காகிதத்தில் இருந்த பெயரை நான்கைந்து விதமாக வாசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. என்னைப் போன்ற ஏதோ ஒரு குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது! ஆறுதலாக இருக்கட்டுமே என்று, "எப்படியோ சொந்த ஊருக்கு வந்துவிட்டீர்கள்" என்றேன். அவர் சிரித்தார். "சொந்த ஊர் கப்பெஸ்தேர். இது என் பாட்டியின் பாட்டி புறப்பட்ட ஊர்" என்றார்.

அன்று கொஞ்சம் சுருக்கென்றது. பிறகு யோசித்ததில் அவர் சொன்னதே சரி என்று பட்டது. அந்த ஊரை அவர்களுக்கு யாரும் சும்மா கொடுத்துவிடவில்லை. அதே கப்பெஸ்தேரில் 1863-இல் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர் ஆன்ரி சிதாம்பரோம். நம் வாயில் சிதம்பரம். தீவில் பிறந்த இந்தியர்களின் பிள்ளைகளும் பிரெஞ்சுக் குடிமக்களே, அவர்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று 1904-இல் போராட ஆரம்பித்தார். உரிமை கிடைத்தது 1923-இல். 19 வருடம் போராடி வாங்கிய ஊரை நாம் ஒரு உபசார வார்த்தையில் பறித்துவிடலாமா?

அங்கே போய் வரும் நம்மவர்கள் சிலர், "பாவம், தமிழே போய்விட்டது, மாரியம்மனை மாலியெமேன் என்கிறார்கள், மதுரை வீரனை மல்தெவிலேன் என்கிறார்கள்" என்று பரிதாபப்படுகிறார்கள். எனக்கு அது பரிதாபமாகத் தெரியவில்லை. மொழி போன பிறகும் சாமியை விடவில்லையே! பாரிசில் இருக்கும் என் பேரனுக்கு இந்த இரண்டு பெயர்களும் தெரியாது. அதற்கு யாரைக் குறை சொல்வது?

அவர்கள் கொண்டுபோனது அவர்களோடு மட்டும் நிற்கவும் இல்லை. மல்லி, மஞ்சள், சீரகம் சேர்த்து அரைத்த 'கொலொம்போ' பொடியில் ஆட்டுக்கறி சமைப்பது இன்று தீவில் எல்லோர் வீட்டுச் சமையல். அதே போல, ஆப்பிரிக்க அடிமைகளின் சந்ததியார் வளர்த்த 'குவோகா' பறையிசை இந்திய வம்சாவளியினருக்கும் சொந்த ஊர் இசைதான். அதை 2014-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

ஆகவே என் யோசனை இதுதான். வாய்ப்புள்ளவர்கள் குவாதலூப் போங்கள். கடற்கரை, எரிமலை எல்லாம் பாருங்கள். கப்பெஸ்தேரில் ஷாங்ஜி கோயிலுக்கும் போய்க் கும்பிடுங்கள். அங்கே உச்சரிப்பைத் திருத்தாதீர்கள். அங்கிருந்து யாராவது பெயர் தேடி இங்கே வந்தால், பழைய பதிவேட்டைத் தேட உதவுங்கள், ஒரு காபி கொடுங்கள். "விருந்தாளியாக வந்தீர்களே, சந்தோஷம்" என்று சொல்லுங்கள். நான் அன்று சொல்லியிருக்க வேண்டியது அதுதான்.