கினிக்கோழியின் கூச்சல் யார் வீட்டுக்கு ஆகும்?

கினிக்கோழி வளர்க்கலாமா என்று யோசனை கேட்டு வரும் உழவர் பெருமக்கள் முட்டையைப் பற்றிக் கேட்கிறார்கள். இறைச்சியைப் பற்றிக் கேட்கிறார்கள். தீவனச் செலவையும் கேட்கிறார்கள். அதன் குரலைப் பற்றி மட்டும் கேட்பவர் அரிது. வாங்கிச் சென்ற மூன்றாம் மாதம் திரும்பி வந்து, "ஐயா, இதன் வாயை அடைக்க ஏதாவது மருந்து உண்டா?" என்கிறார்கள். அப்படி ஒரு மருந்து கிடையாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்துச் சாளையில் தனியே குடியிருப்போருக்குக் கினிக்கோழி நல்ல துணை. ஊருக்குள் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் இருப்போர் இதை வாங்க வேண்டாம். வாய்க்கால் முறை, வண்டித் தடம், அவசரத்துக்குக் கைமாற்று என்று பக்கத்து வீட்டாரோடு நமக்கு நூறு காரியம் உண்டு. தொட்டிலில் பிள்ளை தூங்கும் வீட்டுக்கும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்கும் அருகில் இந்தப் பறவையை விட்டுவிட்டு, அந்த உறவையும் காப்பாற்றுவது கடினம். ஆறு கோழி தரும் முட்டைக் காசு அந்த இழப்புக்கு ஈடாகாது.

இது ஆப்பிரிக்கப் புல்வெளியிலிருந்து வந்த பறவை. அங்கே கூட்டமாக மேய்ந்து, ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு, ஆபத்தைக் கண்ட பறவை கத்த மற்றவை சேர்ந்து கத்தி உயிர் பிழைத்த இனம். ஆகவே கத்துவது அதன் குணமே அன்றி நோயன்று. சேவலையும் பெட்டையையும் பிரித்தறியவே குரல்தான் நம்பகமான அடையாளம். எட்டு வாரம் கடந்தபின் காது கொடுத்துக் கேளுங்கள். இரண்டு அசையாக விட்டுவிட்டுக் கூவுவது பெட்டை. சேவலுக்கு ஒற்றை அசைக் கத்தல்தான். பெட்டையும் மிரண்டால் ஒற்றை அசையில் கத்தும் என்பதால், ஒரு முறை கேட்டு முடிவு கட்டிவிடக் கூடாது.

"சோதனைக்கு ஒன்று வாங்கிப் பார்க்கிறேன்" என்பவர்களே அதிகம் அவதிப்படுகிறார்கள். துணையற்ற கினிக்கோழி கூட்டத்தைத் தேடிப் பகல் முழுவதும் கூப்பிடும். ஐந்தாறு பறவைகள் சேர்ந்திருந்தால் சத்தம் ஐந்தாறு மடங்காகும் என்று நினைக்கிறோம். ஆனால் மேயும் நேரத்தில் அவை பெரும்பாலும் அடங்கியே இருக்கும்.

விற்பவர்கள், "இது இருந்தால் பாம்பு வராது, திருடன் வரமாட்டான்" என்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை. பாம்பைக் கண்டால் கத்தும். சிறு பாம்பைக் கொத்தவும் செய்யும். வேலி போட்டது போலத் தடுத்துவிடாது. அந்நியரைக் கண்டு கத்துவதும் மெய்தான். ஆனால் தபால்காரரையும், காற்றில் பறக்கும் பாலித்தீன் பையையும், கொடியில் புதிதாகக் காயும் சிவப்புச் சேலையையும் கண்டு அதே கத்தல்தான் கத்தும். நாளுக்கு இருபது முறை கேட்டால் இருபத்தோராவது முறை நாம் எழுந்து பார்ப்பதில்லை. காவலுக்கென்று வாங்குவோர் இரவுக் குரலைக் கவனித்தால் போதும். இருட்டில் அடைந்த பறவை காரணமின்றி அலறுவது குறைவு.

ஆதாயமும் சொல்ல வேண்டும். பூச்சி, புழு, உண்ணி ஆகியவற்றைத் தேடித் தின்னும். நாட்டுக்கோழி அளவுக்கு மண்ணைக் கிளறாது. முட்டை ஓடு தடித்தது. கோடையிலும் சட்டெனக் கெடாது. பங்குனி தொடங்கி ஆவணி, புரட்டாசி வரை முட்டையிடும். மற்ற மாதங்களில் எதிர்பார்க்க வேண்டாம். உத்தரப்பிரதேசத்தின் இசத்நகரில் உள்ள மத்திய பறவை ஆராய்ச்சி நிலையம் காதம்பரி, சிதம்பரி, சுவேதாம்பரி என மூன்று ரகங்களைத் தந்திருக்கிறது. வெள்ளை ரகம் அமைதியானது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நிறம் மாறினாலும் தொண்டை ஒன்றுதான்.

வளர்ப்பது என்று துணிந்தவர்கள் பெரிய பறவையை வாங்காமல் குஞ்சாக வாங்குவது நலம். கையில் தீவனம் தின்று பழகிய பறவை மனிதரைக் கண்டு மிரளாது. முட்டை கிடைத்தால் நாட்டுக்கோழிப் பெட்டையின் கீழ் அடைவைக்கலாம். 26 முதல் 28 நாளில் பொரிக்கும். கினிப்பெட்டை தன் குஞ்சைப் பனி ஈரத்தில் இழுத்துச் சென்று சாகக் கொடுத்துவிடும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள். இல்லையேல் குஞ்சு மூழ்கும்.

மாலையில் கூட்டுக்குள்ளேயே தானியம் போட்டுப் பழக்க வேண்டும். தவறினால் புளியமரத்தில் ஏறி அடையத் தொடங்கும். பிறகு விடியுமுன் ஊரே எழுந்துவிடும். கூட்டைப் பாதைப் பக்கம் வைக்காமல், பார்வை படாதபடி கீற்றோ சாக்கோ கட்டி, நன்றாக விடிந்தபின் திறந்துவிடுங்கள். பெரிய பறவையாக வாங்கியிருந்தால் 2 அல்லது 3 வாரம் அடைத்து வைத்த பிறகே வெளியில் விட வேண்டும்.

இத்தனை செய்தும் அண்டை வீட்டார் முகம் சுளித்தால், முட்டைப் பருவம் முடியும்வரை காத்திராமல் தோட்டத்தில் குடியிருக்கும் உறவினருக்குக் கொடுத்துவிடுங்கள். ஒன்றிரண்டாகப் பிரிக்காமல் கூட்டம் முழுவதையும் சேர்த்துக் கொடுங்கள்.