20 லட்சம் நிவாரணமா, மாசம் 600 ரூபாய் இ.எஸ்.ஐ.யா?



சிவகாசி பக்கம் பட்டாசு ஆலையில விபத்துன்னா நியூஸ்ல உடனே ரெண்டு விஷயம் வரும். எத்தனை பேர் இறந்தாங்க, எத்தனை லட்சம் நிவாரணம். இறந்தவர் பேர் இ.எஸ்.ஐ. பதிவுல இருந்துச்சான்னு யாரும் கேட்கிறதில்லை. அந்தக் குடும்பம் அடுத்த 20 வருஷம் எப்படி ஓடும்ங்கிறது அந்தக் கேள்வியிலதான் இருக்கு.

ஒரு கணக்கு போடுவோம். மாசச் சம்பளம் 15,000 ரூபாய். தொழிலாளி பங்கு 0.75%, அதாவது 112.50 ரூபாய். முதலாளி பங்கு 3.25%, அதாவது 487.50 ரூபாய். மொத்தம் 600. வேலை நேர விபத்துல அவர் இறந்துட்டா, சார்ந்தோர் உதவித்தொகையா சம்பளத்துல 90%, கிட்டத்தட்ட மாசம் 13,500 ரூபாய், தகுதியுள்ள குடும்பத்தினருக்குப் பிரிச்சுக் கொடுப்பாங்க. இத்தனை மாசம் சந்தா கட்டியிருக்கணும்ங்கிற நிபந்தனையும் இதுக்கு இல்லை.

இப்போ அச்சங்குளம் விபத்தை எடுத்துக்கோங்க. 2021 பிப்ரவரி 12. 20 பேருக்கு மேல இறந்தாங்க. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாவே வழக்கை எடுத்து, இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் கொடுக்க உத்தரவு போட்டுச்சு. நல்ல உத்தரவுதான். ஆனா அந்த 20 லட்சத்தை 7% வட்டிக்கு எஃப்.டி.யில போட்டா மாசம் சுமார் 11,700 ரூபாய்தான் வரும். அதுவும் கடன், கல்யாணம்னு அசல்ல கை வைக்காம இருந்தாத்தான்.

பேர் ஏன் பதிவுல ஏறுறதில்லை? பெரிய காரணம் உள்குத்தகை. லைசென்ஸ் ஒருத்தர் பேர்ல இருக்கும், ரூம் ரூமா ஆலையை நடத்துறது வேற ஆளுங்க. இது விதிமீறல். அச்சங்குளத்துலயும் இந்தப் புகார் எழுந்துச்சு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, 'இவர் இங்கதான் வேலை பார்த்தார்'னு நிரூபிக்கிற பாரமே குடும்பத்து தலையில விழும்.

2025 நவம்பர் 21 முதல் புது தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கு. ஆபத்தான தொழில்னு மத்திய அரசு அறிவிக்கிற நிறுவனத்துல ஒரே ஒரு ஆள் வேலை பார்த்தாலும் இ.எஸ்.ஐ. கட்டாயம். பணி நியமனக் கடிதமும் கொடுத்தாகணும். சட்டம் சரி. ஆய்வு எப்படி நடக்கும்ங்கிறதுதான் என் கவலை. மருந்து எவ்வளவு இருக்கு, ஒரு ரூம்ல எத்தனை பேர்னு பார்க்கிற அதிகாரிங்க, அங்கே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருத்தரும் இ.எஸ்.ஐ.ல இருக்காங்களான்னும் அந்த இடத்துலயே சரிபார்க்கணும். விபத்துக்கு அப்புறம் ஆலைக்கு சீல் வைக்கிறதால எந்த வீட்டுலயும் அடுப்பு எரியாது.

சின்ன ஆலைக்கு இது செலவுன்னு சொல்வாங்க. பிடித்தம் இல்லாம முழுக் கூலியும் கையில வரட்டும்னு தொழிலாளிங்களே கேட்கிறதும் உண்டு. ரெண்டும் நிஜம்தான். ஆனா ஒரு ஆளுக்கு மாசம் 487.50 ரூபாய் கட்ட முடியாத தொழில், அந்த ரிஸ்க்கை தொழிலாளி வீட்டு மேல ஏத்தி வச்சுத்தான் ஓடுதுன்னு அர்த்தம்.

நீங்க சென்னையிலயோ பெங்களூருலயோ வேலையில இருக்கலாம். ஊர்ல அம்மாவோ சித்தியோ பட்டாசு வேலைக்குப் போறாங்கன்னா, இன்னைக்கே போன் பண்ணி அவங்களோட 10 இலக்க இ.எஸ்.ஐ. நம்பரைக் கேளுங்க. 'அப்படின்னா என்னப்பா?'ன்னு பதில் வந்தா, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முதல்ல முடிக்க வேண்டிய வேலை அதுதான். உங்க சம்பளம் 21,000 தாண்டிடுச்சுன்னா பொதுவா உங்களுக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. டேர்ம் இன்சூரன்ஸை நீங்களே எடுத்து வச்சிடுங்க.