ஸ்திரம் என்றொரு சொல்

அணுகுண்டு வைத்திருக்கும் ஒரு தேசத்தில் ஜனங்கள் தெருவுக்கு வந்துவிட்டால் வெளிநாட்டு ராஜதந்திரிகளின் பாஷை சுருங்கி ஒரே சொல்லாகிவிடுகிறது: ஸ்திரம். 2007 நவம்பர் 3ல் பாகிஸ்தானில் முஷரஃப் நெருக்கடி நிலையை அறிவித்தபோது வந்த பதில்களை இன்று எடுத்துப் படித்தால், இச்சொல்லுக்கு உபயோகம் உண்டே தவிர அர்த்தம் கிடையாது என்பது தெரியும். குண்டு தீவிரவாதிகள் கைக்குப் போய்விடும், ஆகவே சீருடை போட்ட ஒருவர் சாவியை வைத்திருக்கட்டும் என்பது வாதம். இதையே யதார்த்தப் பார்வை என்று ஒப்பிக்கும் இலக்கிய நண்பர்கள் நம்மிடையே இன்னும் உண்டு.

அன்று தெருவில் நின்றவர்கள் யார்? கறுப்புக் கோட்டு வக்கீல்கள். முஷரஃபின் பிரகடனத்தில் தீவிரவாதிகளைவிட நீதிபதிகள் மீதுதான் ஆத்திரம் அதிகம். சுமார் 60 நீதிபதிகள் பதவி இழந்தார்கள். தலைமை நீதிபதி இஃப்திகார் சௌத்ரியும் அஸ்மா ஜஹாங்கீரும் வீட்டுக் காவலில். அய்த்சாஸ் அஹ்சன் சிறையில். அதே சமயத்தில், பிடிபட்டிருந்த 200க்கு மேற்பட்ட சிப்பாய்களை மீட்க, அரசு தன் வசமிருந்த தீவிரவாதிகள் சிலரை விடுதலை செய்தது. யாரிடமிருந்து குண்டைக் காப்பாற்றினார்கள்?

வாஷிங்டன் மூன்று கேட்டது. சீருடையைக் கழற்று, தேர்தல் நடத்து, நெருக்கடியை நீக்கு. நவம்பர் 28ல் சீருடை கழன்றது, டிசம்பர் 15ல் நெருக்கடி நீங்கியது, பிப்ரவரியில் தேர்தலும் நடந்தது. வக்கீல்கள் அடிபட்டதோ நான்காவதற்காக, நீதிபதிகள் திரும்ப வேண்டும் என்பதற்காக. அதை வாஷிங்டன் கேட்கவில்லை. முஷரஃப் எல்லை தாண்டவில்லை என்று புஷ் சான்றிதழே கொடுத்தார். சௌத்ரி தெய்வமல்ல, 2000ல் இதே முஷரஃபின் தாற்காலிக ஆணையின் கீழ்ப் பிரமாணம் எடுத்தவர்தான். ஆனால் பிற்பாடு, காணாமல் போனவர்கள் எங்கே என்று உளவுத்துறையைக் கூண்டில் நிறுத்திக் கேட்டார். 369 பேரை அமெரிக்காவிடம் ஒப்படைத்ததையும் அதற்கு லட்சக்கணக்கில் டாலர் வந்ததையும் முஷரஃப் தன் 2006ஆம் வருஷத்து சுயசரிதையில் பெருமையாகவே எழுதியிருக்கிறார். வாங்கியவனும் விற்றவனும் அந்தக் கேள்வியை ஏன் விரும்பவில்லை என்பதை விளக்க மேதை வேண்டாம்.

குண்டு பற்றிய பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. பயம் தப்பான திசையில் பார்க்கிறது. பாகிஸ்தானிலிருந்து அணு ரகசியம் வெளியேறியது நிஜம். லிபியாவுக்கும் ஈரானுக்கும் வட கொரியாவுக்கும் போயிற்று. கொண்டுபோனது கலகக் கும்பலா? அரசின் செல்லப்பிள்ளையான விஞ்ஞானி ஏ. க்யூ. கான். 2004 பிப்ரவரி 4ல் டெலிவிஷனில் ஒப்புக்கொண்டார். மறுநாள் முஷரஃப் மன்னித்தார். அதே வருஷம் ஜூனில் அமெரிக்கா பாகிஸ்தானை நேட்டோவுக்கு வெளியேயுள்ள முக்கிய நேச நாடாக அறிவித்தது. 2001க்கும் 2007க்கும் இடையே போன பணம் சுமார் 1000 கோடி டாலர். பாங்க்கில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது புதிதல்ல. ஐந்நூறு ரூபாய் பாக்கிக்கு நோட்டீஸ் போகும். பெருங்கடன்காரர் வந்தால் மேனேஜர் எழுந்து காப்பி வரவழைப்பார், அவர் விழுந்தால் கிளையும் விழும் என்பதால். குண்டு அப்படிப்பட்ட கடன்.

டெல்லியோ, பாகிஸ்தானின் கஷ்ட காலத்துக்கு வருத்தம் தெரிவித்து, சகஜ நிலை திரும்பும் என்று நம்பி, ஒதுங்கிக்கொண்டது. துக்கம் விசாரிக்கிற தூரத்து உறவின் குரல். காமன்வெல்த்தாவது நவம்பர் 22ல் பாகிஸ்தானை சஸ்பெண்ட் செய்தது. பொக்ரானில் 1974 மே 18ல் வெடித்து, 13 மாதத்தில் நெருக்கடி நிலையையும் கண்ட ஒரு தேசத்துக்கு இதைவிடக் கூடுதலாகச் சொல்ல ஏதாவது இருந்திருக்க வேண்டும்.

2008 ஆகஸ்ட் 18ல் முஷரஃப் போனார். வக்கீல்கள் மறுபடி இஸ்லாமாபாத்தை நோக்கி ஊர்வலம் கிளம்பிய பிறகு, 2009 மார்ச்சில் சௌத்ரி திரும்பினார். குண்டுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. நவம்பர் 3 காரியத்துக்காக 2019ல் முஷரஃபுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையைப் பாகிஸ்தான் சுப்ரீம் கோர்ட் 2024 ஜனவரியில் உறுதி செய்தது. அவர் அதற்கு முந்தின வருஷமே துபாயில் இறந்துபோயிருந்தார்.