அம்மாவுக்குப் புரிந்தால் பாஸ்!

அபிராமபுரத்தில் ஒரு ஃப்ளாட். காஸ் சிலிண்டர் புக் செய்ய வேண்டும். கையில் புது ஆப்போடு அம்மா. லைனில், பெங்களூரில் வேலை பார்க்கும் மகள்.

"மேலே மூணு புள்ளி இருக்கும் பாரும்மா, அதைத் தொடு."

"எந்த மூணு புள்ளிடி? இங்கே மூணு கோடுதான் இருக்கு!"

இருபது நிமிடம், இரண்டு சண்டை, ஒரு சிலிண்டர். மகள் அன்று செய்தது யூசர் மேனுவல் வேலைதான். என்ன, கொஞ்சம் மோசமாகச் செய்தாள். இதையே ஒழுங்காகச் செய்பவருக்கு ஐ.டி. உலகில் டெக்னிக்கல் ரைட்டர் என்று பெயர்.

சாஃப்ட்வேருக்கு முக்கியமாக இரண்டு ஆவணங்கள் உண்டு. உருவாக்கும் முன் எழுதுவது, 'இது என்னென்ன செய்ய வேண்டும்' என்ற தேவைப் பட்டியல், சுருக்கமாக எஸ்.ஆர்.எஸ். உருவாக்கிய பின் எழுதுவது மேனுவல்.

வீடு கட்டும்போது "ஹால் பெரிசா இருக்கணும்" என்றால் மேஸ்திரி என்ன செய்வார்? "16-க்கு 12 அடி" என்றால்தானே கட்ட முடியும்! அதேபோல, "ஆப் வேகமாக இருக்க வேண்டும்" என்பது ஆசை. "பட்டனைத் தொட்ட 3 விநாடிக்குள் புக்கிங் நம்பர் வர வேண்டும்" என்பதுதான் தேவை. அதைச் சோதித்துப் பார்க்கலாம்.

எழுதினால் மட்டும் போதாது. 1999-ல் நாசாவின் 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' விண்கலம் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனது. ஒரு மென்பொருள் பவுண்டு கணக்கில் எண்களைத் தர, இன்னொன்று அவற்றை மெட்ரிக் என்று எடுத்துக்கொண்டது. மெட்ரிக்தான் வேண்டும் என்று ஆவணத்தில் இருந்தது. அதன்படி நடக்கிறதா என்ற சோதனைதான் போதவில்லை.

மேனுவல் எழுதக் கற்பவருக்கு நம்மூர் சிலபஸ் ஒன்று உண்டு. 13-ம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலில் இருக்கக் கூடாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறது. அவற்றில் நான்கை மட்டும் பாருங்கள்:

* குன்றக் கூறல்: நடுவில் ஒரு படியை விட்டுவிடுவது.
* மிகைபடக் கூறல்: முதல் படிக்கு முன்பே கம்பெனிப் பெருமை பேசுவது.
* மாறுகொளக் கூறல்: பாஸ்வேர்டுக்கு 2-ம் பக்கத்தில் 6 எழுத்து, 9-ம் பக்கத்தில் 8 எழுத்து என்பது.
* மயங்க வைத்தல்: "அதை அமுக்கவும்." எதை?

வீட்டுச் சாதனங்களில் இது சட்ட விஷயமும்கூட. சரியாகப் பயன்படுத்தப் போதிய வழிமுறையோ, எச்சரிக்கையோ தராததால் ஒருவருக்குப் பாதிப்பு வந்தால், தயாரிப்பாளர் பதில் சொல்ல வேண்டும் என்கிறது 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

பயிற்சியை இன்றே தொடங்கலாம். வாஷிங் மெஷினை இயக்குவதைப் படிப்படியாக எழுதுங்கள். ஒரு படிக்கு ஒரு செயல்தான். அதை இதுவரை தொட்டே பார்க்காத ஒருவரிடம் தாளைக் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் நில்லுங்கள். அவர் திகைத்து நிற்கும் இடத்தில் தப்பு அவருடையதல்ல, உங்கள் வாக்கியத்துடையது.

அடுத்த கட்டத்துக்கு, கூகுள் தரும் டெக்னிக்கல் ரைட்டிங் பாடங்கள் இலவசம். லிப்ரே ஆபீஸ் போன்ற திறந்தமூல மென்பொருட்களின் கையேடுகளைத் தன்னார்வலர்களே எழுதுகிறார்கள். அங்கே எழுதிப் பழகினால், இன்டர்வியூவில் காட்ட நாலு பக்கம் கையில் இருக்கும். முதல் டிராஃப்டை ஏ.ஐ. எழுதித் தரலாம். அம்மாவின் திரையில் இருப்பது புள்ளியா, கோடா என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

அடுத்த முறை மகள், அம்மாவின் போன் திரையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள். அதைப் பார்த்து ஐந்தே வரி எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்.

அம்மாவிடமிருந்து போன் வரவில்லை. சிலிண்டர் வந்தது.